நிரப்பாத வட்டம்

தாளின் மறுபக்கத்தில் இருந்தோம் நாங்கள்.
ஷெரிஃப், நீதிபதி, மண்வளக் குழு உறுப்பினர்
எல்லாரையும் தாண்டி, ஒரே வாக்கியத்தில்:
ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்தால் மட்டுமே திருமணம் என்று
மாநில அரசமைப்பில் எழுதிவிடலாமா?
ஆம், ஒரு வட்டம்.
இல்லை, ஒரு வட்டம்.
தேவாலயத்தின் நிலவறை, காப்பிக் கொப்பரை,
போன ஞாயிறு யாரோ விட்டுப்போன ஒற்றைக் கையுறை.
இருபத்தாறு வருஷம்
ஒரு சொட்டு மையில் நிரம்பும் அளவுக்குச் சிறுத்துக் கிடந்தது.
தாள் கிழியும்வரை தேய்த்தேன்.

ஜெயித்தாலும் நாளைக்கு எங்களுக்குக் கல்யாணம் இல்லை.
கதவைச் சட்டம் எப்போதோ பூட்டிவிட்டது.
இன்று கேட்பது
சாவியை ஏரியில் எறிந்துவிடலாமா என்றுதான்.
நவம்பர். ஏரி ஓரங்களில் உறையத் தொடங்கியிருந்தது.

போன மார்ச்சில் டுலூத் மருத்துவமனையில்
படிவத்தோடு வந்த பெண் நல்லவள்தான்.
"உறவு?" என்று கேட்டுவிட்டு
பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தாள்.
என் வாயில் மூன்று சொற்கள் வந்தன.
மூன்றும் பொய்யில்லை. மூன்றும் செல்லாது.
"வீட்டில் கூட இருப்பவள்" என்றேன்,
வாடகைக்கு வந்தவளைப் போல.
கதவுக்கு அந்தப் பக்கம்
வெடித்த குடல்வாலோடு மார்லிஸ்.

பக்கத்துப் பண்ணை ஆர்விட் ஷெலான்.
பனி பெய்தால், விடியுமுன் அவர் டிராக்டர்
எங்கள் வாசல்வரை வழி வெட்டிவிட்டுப் போகும்.
பதினெட்டுக் குளிர்காலம், ஒருமுறைகூடக் கதவைத் தட்டியதில்லை.
அவர் படகு மோட்டாரை நான் பழுதுபார்ப்பேன், காசு வாங்கமாட்டேன்.
அதையும் நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

"அண்டை வீட்டிலிருந்து ஆரம்பியுங்கள்,
உங்கள் கதையைச் சொல்லுங்கள்" என்றான்
பிரச்சாரத்துக்கு வந்த பையன்.
நானூறு அந்நியர்களுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.
பாதிப் பேர் வைத்துவிட்டார்கள், ஒருத்தி அழுதாள்.
ஆர்விடின் வாசலில் மட்டும்
கார்புரேட்டரைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன்.
அவர் புல்வெளியில் பலகை இல்லை,
எங்களுடையதும் இல்லை, அவர்களுடையதும் இல்லை.
பாஸ்டர் 'ஆம்' போடச் சொன்ன ஞாயிறு
அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாராம்.
அதற்கு என்ன அர்த்தம் என்று
மூன்று ராத்திரி வாதாடினோம்.

இன்று நிலவறைப் படியில் எதிரே வந்தார்.
தொப்பியைச் சரிசெய்தார்.
"அந்தக் கேள்வி" என்றார்.
ஏரியைப் பார்த்தார்.
"அதை மட்டும் அப்படியே விட்டுட்டேன்."
டிரக் போய்விட்டது.

மினசோட்டாவில் ஒரு விநோத விதி.
அரசமைப்பைத் தொட வேண்டுமென்றால்
வாக்களிக்க வந்தவர்களில் பாதிக்கு மேல் 'ஆம்' சொல்ல வேண்டும்.
நிரப்பாத வட்டம் 'இல்லை'யோடு சேரும்.
மௌனம் சம்மதம் என்று
உலகமெல்லாம் சொல்லிக்கொள்ளட்டும்.
இங்கே மௌனம் மறுப்பு.

அது அவருக்குத் தெரியுமா?
தெரியும் என்கிறாள் மார்லிஸ்,
முப்பது வருஷம் ஊர்க் கணக்குப் பார்த்தவர்.
தெரியாது என்கிறேன் நான்.
யாரையும் பகைக்காமல் நழுவிய மனிதர்,
வழுக்கி எங்கள் பக்கம் விழுந்துவிட்டார், அவ்வளவுதான்.
எனக்குக் கோபம்.
டீசல் ஊற்றி இத்தனை பனியை அள்ளியவருக்கு
ஒரு சொட்டு மை கனத்துவிட்டதா?
கோபத்தோடேயே
அவரையும் சேர்த்து எண்ணிக்கொள்கிறேன்.

ராத்திரி இரண்டு மணிக்கு ரேடியோ சொன்னது:
பூட்டு அப்படியே.
சாவி கரையில்.

மார்லிஸ் நாற்காலியிலேயே தூங்கியிருந்தாள்.
ஐந்தே முக்காலுக்குப் பள்ளிப் பேருந்தை எடுக்க வேண்டும்.
எழுப்பலாமா என்று நின்றேன்.
டுலூத்தில் விழுங்கிய மூன்று சொற்களில்
ஒன்றை எடுத்து
பெயருக்குப் பதிலாக அதைச் சொல்லிக் கூப்பிட்டேன்.
"என்ன?" என்றாள் கண் திறக்காமல்,
தழும்பைச் சொறிந்தபடி,
ஏதோ தினமும் கூப்பிடுகிற பெயர் போல.